சார்ட்டில் ‘வீக்னஸ்’ என்று மட்டும் இருந்தால் எந்தக் கோடு?

மெடிக்கல் கோடிங் என்றால், அமெரிக்க நோயாளியின் சார்ட்டை (மருத்துவக் குறிப்புகளை) படித்து, நோய்க்கும் அறிகுறிக்கும் ஐசிடி-10-சிஎம் பட்டியலில் உள்ள குறியீட்டைப் போடுவது. அந்தக் குறியீட்டைத்தான் கோடு என்கிறோம், போட்டது சரியா என்று பார்ப்பவர் ஆடிட்டர். அந்த வேலையில் இருக்கும் ஒருவரின் கேள்வி இது: ‘எமர்ஜென்சி, ஹோம் ஹெல்த் (வீட்டுக்கே போய்த் தரும் சிகிச்சை) இரண்டு ப்ராஜெக்டிலும் மாறி மாறி வேலை பார்க்கிறேன். டாக்டர் வீக்னஸ் என்று எழுதியிருந்தால் எம் 62.81 போடுவதா, ஆர் 53.1 போடுவதா, ஆர் 29.898 போடுவதா? ஒரு ஆடிட்டர் சரி என்று விட்டதை இன்னொரு ஆடிட்டர் எரர் என்று அடிக்கிறார்.’

இரண்டு ஆடிட்டர்களும் சரியாகவே பார்த்திருக்கலாம். சொல் ஒன்றுதான் என்றாலும் சார்ட் ஒன்றல்ல. இந்த மூன்றில் எது என்று யோசிப்பதற்கு முன்னால், ‘எதனால் வீக்னஸ்’ என்பதற்கு டாக்டர் எங்காவது பதில் எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் பெரும்பாலும் இந்த மூன்றுமே வேண்டியதில்லை. நோயின் கோடு மட்டும் போதும். மூன்றில் ஒன்றைத் தேடிப் போவது காரணம் எழுதப்படாத சார்ட்டில்தான்.

புதிதாக வருகிறவர்கள் எம் 62.81-ஐப் பார்த்து ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது கோடு புத்தகத்தின் 13-ஆம் அத்தியாயத்தில், தசை எலும்பு நோய்களோடு உட்கார்ந்திருக்கிறது. ஆர் கோடு என்றால் அறிகுறி, எம் கோடு என்றால் நோய் என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஆகவே ஆர் 53.1-ஐ விட எம் 62.81 ‘ஸ்பெசிஃபிக்’ என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் கோடிங்கின் அதிகாரபூர்வ விதிகளான அஃபிஷியல் கைட்லைன்ஸிலேயே, ஆர் கோடுகள் உள்ள 18-ஆம் அத்தியாயத்தில் அறிகுறிக் கோடுகளில் பலவும் இருக்கின்றன, எல்லாமும் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எம் 62.81 வேறு அத்தியாயத்தில் இருந்தாலும் அதுவும் ஓர் அறிகுறிதான். தசைக்கு வலு இல்லை என்கிறதே தவிர, ஏன் இல்லை என்று சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இப்போது சொல்லை வைத்துக் கோடு தேடும் அகரவரிசைப் பட்டியலான இண்டெக்ஸுக்கு வாருங்கள். ‘வீக்னஸ்’ என்ற மெயின் டெர்முக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் ‘ஜெனரலைஸ்டு’ என்று போட்டு ஆர் 53.1 இருக்கும். அதன் கீழே ‘மசில்’ என்று ஒரு சப்டெர்ம், அதற்கு எம் 62.81. அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல் நான்எசென்ஷியல் மாடிஃபயர். அது சார்ட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோடு மாறாது. கோடுகளை எண் வரிசையில் தரும் டேபுலரில் எம் 62.81-இன் தலைப்பிலும் ‘ஜெனரலைஸ்டு’ அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு கோடுகளையும் பிரிப்பது ‘ஜெனரலைஸ்டு’ என்ற சொல் இல்லை, ‘மசில்’ என்ற சொல். ‘ஜெனரலைஸ்டு வீக்னஸ்’ என்று எழுதியிருந்தால் ஆர் 53.1. ‘மசில் வீக்னஸ்’ என்றோ ‘ஜெனரலைஸ்டு மசில் வீக்னஸ்’ என்றோ எழுதியிருந்தால் எம் 62.81. உங்கள் இரண்டு ஆடிட்டர்களும் முட்டிக்கொண்ட இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். டாக்டர் ‘மசில்’ என்று எழுதாத சார்ட்டில் எம் 62.81 போட்டால் ஆடிட்டர் கை வைப்பது நியாயம்தான்.

இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. ஆர் 53.1-க்குக் கீழே இருக்கும் எக்ஸ்க்ளூட்ஸ் 1 (சேர்த்துப் போடக் கூடாதவை) பட்டியலில் எம் 62.81 இருக்கிறது. கூடவே சார்கோபீனியா (வயதாவதால் தசை குறைவது) எம் 62.84, முதுமைத் தளர்ச்சி ஆர் 54. எம் 62.81-க்கும் தன் பங்குக்கு எம் 62.84-ஓடு எக்ஸ்க்ளூட்ஸ் 1 உண்டு. சார்கோபீனியா 2016 அக்டோபர் 1-இல் தனிக் கோடாக வந்தது. அதற்குப் பிறகு வயதானவரின் சார்ட்டில் டாக்டர் அந்தப் பெயரை எழுதியிருந்தால் மசில் வீக்னஸ் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. ‘ஃப்ரெயில்டி’ என்று எழுதியிருந்தால் ஆர் 54. ‘டெபிலிட்டி’ (உடல் தளர்ச்சி) என்று இருந்தால் ஆர் 53.81. ‘டிகண்டிஷனிங்’ (அசையாமல் இருந்து உடல் வலு குறைவது) என்ற சொல்லையும் வழக்கமாக அங்கேதான் கொண்டுபோகிறோம். வெறும் களைப்பு, ‘ஃபடீக்’ என்றால் ஆர் 53.83. களைப்பும் வலுவின்மையும் ஒன்றல்ல என்பதால் டாக்டர் எழுதிய சொல்லை விட்டு நகராதீர்கள்.

அடுத்து ஒரு கை, ஒரு கால். ‘ரைட் லெக் வீக்னஸ்’ என்பதற்கு இண்டெக்ஸில் நேரடியாக வரி கிடையாது. என்கோடர்கள் (கோடு தேடும் மென்பொருள்கள்) பலவும் ஆர் 29.898-க்குக் கொண்டுபோகும், துறையிலும் அதுவே வழக்கம். தசை எலும்பு சம்பந்தப்பட்ட மற்ற அறிகுறிகள் என்ற பொதுக் கோடு அது. வலமா இடமா என்று சொல்ல அதில் இடமில்லை. இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு காலில் மட்டும் இருக்கும் வலுவின்மைக்கு எம் 62.81 போடுவது ஒரு தவறு. ‘லெக் வீக்னஸ்’ என்று மட்டும் இருப்பதை மோனோப்ளீஜியா (ஒரு கை அல்லது காலின் முடக்கம்) என்று எடுத்துக்கொண்டு ஜி 83.1-க்குப் போவது அதைவிடப் பெரிய தவறு. டாக்டர் ‘மோனோபரீசிஸ்’ (ஒரு கை அல்லது காலின் பகுதி முடக்கம்) என்று எழுதினால் போகலாம். ‘ஃபுட் ட்ராப்’ (பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது) என்று எழுதியிருந்தால் எம் 21.37-இல் வலது, இடது தனித்தனியாக இருக்கிறது. முகம் ஒரு பக்கம் தொங்குகிறது என்றால் ஆர் 29.810. அதையே பெல்ஸ் பால்ஸி (முக நரம்பு முடக்கம்) என்று டாக்டர் பெயர் சொல்லிவிட்டால் ஜி 51.0 மட்டும்.

உடம்பின் ஒரு பக்கம் முழுவதும் வலு இல்லை என்பதில்தான் அதிகம் கவனம் வேண்டும். ‘லெஃப்ட் சைடட் வீக்னஸ்’ என்ற அதே மூன்று சொற்கள் ஸ்ட்ரோக்கோடு சேர்ந்து வந்தால் ஒரு பொருள், தனியாக வந்தால் வேறு பொருள். 2015-இன் முதல் காலாண்டு கோடிங் க்ளினிக்கில் (கோடிங் கேள்விகளுக்கு அதிகாரபூர்வ விளக்கம் தரும் இதழ்) இதற்கு விடை கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்க வலுவின்மை ஸ்ட்ரோக்கால் வந்தது என்று டாக்டர் தெளிவாகத் தொடர்புபடுத்தி எழுதியிருந்தால் அதை ஹெமிபரீசிஸ் (உடம்பின் ஒரு பக்கப் பகுதி முடக்கம்) என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொடர்பு இல்லாமல் நாமாக அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்ட்ரோக் இப்போதுதான் வந்திருக்கிறது என்றால் ஐ 63 கோடு முதலில், ஹெமிபரீசிஸுக்கான ஜி 81.9 வரிசை அதன் பின்னால். பழைய ஸ்ட்ரோக்கின் மிச்சம் என்றால் ஐ 69 வரிசை, ஜி 81 வேண்டாம்.

ஒரு சார்ட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பயிற்சி வகுப்புக்காக எழுதிய மாதிரிதான், ஆனால் இப்படித்தான் தினமும் வரும். 74 வயதுப் பெண்மணி, நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார், ஹோம் ஹெல்த் ஆரம்பம். ரெஃபரலில் முதல் வரி ‘மசில் வீக்னஸ், பிடி எவாலுவேட் அண்ட் ட்ரீட்’ (பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சிகிச்சை தரவும்). தெரபிஸ்டின் குறிப்பில் இடுப்பு மடக்கும் தசையின் வலு 5-இல் 3+, நாற்காலியிலிருந்து எழ ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. இதோடு நிறுத்திக்கொண்டால் கை நேராக எம் 62.81-க்குப் போகும். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில், பழைய நோய்கள் பட்டியலுக்கு நடுவே, ‘ஸ்ட்ரோக் 2 வருடம் முன்பு, அதனால் இடது பக்க வலுவின்மை இன்னும் இருக்கிறது’ என்று டாக்டர் எழுதியிருக்கிறார். எந்த வகை ஸ்ட்ரோக் என்று எழுதவில்லை. பரவாயில்லை, வகை சொல்லாத ஸ்ட்ரோக்கின் பின்விளைவும் ஐ 69.3-க்குள்தான் வருகிறது. வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்றும் இல்லை. அதற்கும் கைட்லைன்ஸில் வழி இருக்கிறது. கைப்பழக்கம் எழுதப்படாமல் வலது பக்கம் பாதிக்கப்பட்டிருந்தால் டாமினன்ட் (பழக்கமான கையின் பக்கம்), இடது பக்கம் என்றால் நான்டாமினன்ட், இரண்டு கைப் பழக்கமும் உள்ளவர் என்றால் டாமினன்ட். ஆகவே ஐ 69.354.

இதே சார்ட்டில் ‘ஹிஸ்டரி ஆஃப் சிவிஏ’ (முன்பு ஸ்ட்ரோக் வந்தவர்) என்பதைப் பார்த்துவிட்டு இசட் 86.73-உம் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சக் குறை எதுவும் இல்லாதவருக்குத்தான் அந்தக் கோடு. ஐ 69-ஓடு அது சேராது, எக்ஸ்க்ளூட்ஸ் 1.

தெரபிஸ்ட் அளந்த அந்த 3+ பற்றியும் சொல்ல வேண்டும். அந்த எண்ணை வைத்து நாம் டயக்னசிஸ் எழுத முடியாது. டயக்னசிஸ் சொல்லும் சட்டப்பொறுப்பு யாருக்கு இருக்கிறதோ அவர் எழுத்திலிருந்துதான் கோடு வர வேண்டும். மற்ற ஊழியர்களின் குறிப்பிலிருந்து எடுக்கலாம் என்று கைட்லைன்ஸ் விட்டுக்கொடுத்திருப்பவை சிலவே. பிஎம்ஐ, படுக்கைப்புண்ணின் ஸ்டேஜ், கோமா ஸ்கேல், ஸ்ட்ரோக் ஸ்கேல் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. தசை வலுவின் கிரேடு அதில் இல்லை.

ஹோம் ஹெல்த்தில் இது இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் 2020 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த பிடிஜிஎம் என்ற கட்டண முறை. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 30 நாள் காலத்துக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதைத் தீர்மானிக்கும் 12 க்ளினிக்கல் குரூப்புகளில் ஒன்றுக்குள் ப்ரைமரி டயக்னசிஸ் (முதலில் வைக்கும் முதன்மை நோய்) போய் விழ வேண்டும். எம் 62.81 எந்தக் குரூப்பிலும் இல்லை. அதை ப்ரைமரியாகப் போட்டால் க்ளெய்ம் அப்படியே திரும்பி வரும். அதற்கு முன் ஹோம் ஹெல்த்தில் அடிக்கடி ப்ரைமரியாக வந்துகொண்டிருந்த கோடு அது. மிகவும் மேலோட்டமானது, வலுவின்மைக்குக் காரணம் என்ன என்று சொல்லவில்லை என்பதுதான் மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் அதை ஒதுக்கியதன் சாரம். ஆர் 53.1, ஆர் 53.81, ஆர் 29.6 (அடிக்கடி விழுவது) எல்லாவற்றுக்கும் இதே கதி. ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டிகளில் (தங்கவைத்து நர்சிங் கவனிப்பு தரும் மையங்களில்) 2019 அக்டோபர் 1-இல் வந்த பிடிபிஎம் என்ற கட்டண முறையிலும் எம் 62.81 ப்ரைமரியாக ஏற்கப்படாது. மேலே சொன்ன பெண்மணிக்கு ஐ 69.354 நியூரோ ரிஹாப் குரூப்புக்குள் போகும். ஆனால் பணம் வரும் குரூப் என்பதற்காக அதை ப்ரைமரி ஆக்கக் கூடாது. தெரபி எதற்காகப் போகிறது என்பதை வைத்துத்தான் ப்ரைமரி. அவருடைய நிமோனியாவுக்கு இன்னும் சிகிச்சை ஓடிக்கொண்டிருந்து, அதைக் கவனிக்கத்தான் நர்ஸ் முக்கியமாகப் போகிறார் என்றால் நிமோனியாவே முன்னால் நிற்கும். எலும்பு முறிவுக்குப் பிறகான வலுவின்மை என்றால் முறிவின் கோடே ஏழாம் எழுத்து டி-யோடு (D, தொடர் சிகிச்சை) வரும். இடுப்பு மூட்டு மாற்றியவர் என்றால் இசட் 47.1, கூடவே எந்த மூட்டு என்று சொல்லும் இசட் 96.64.

எமர்ஜென்சியில் கணக்கு வேறு. அங்கே அறிகுறிக் கோடு கேவலமானதல்ல, பல நேரங்களில் அதுதான் சரியான விடை. ‘லெஃப்ட் சைடட் வீக்னஸ், ரூல் அவுட் சிவிஏ’ (ஸ்ட்ரோக்கா இல்லையா என்று பார்க்கவும்) என்று எழுதி நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள் என்றால், அவுட்பேஷன்ட் (வெளிநோயாளி) விதிப்படி ஸ்ட்ரோக் கோடு போடவே கூடாது. ப்ராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட் எல்லாம் அங்கே கணக்கில் வராது, தெரிந்த அளவுக்கு அறிகுறியைக் கோடு செய்ய வேண்டும். அதே நோயாளி உள்நோயாளியாகச் சேர்ந்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் ‘ப்ராபபிள் சிவிஏ’ என்றே இருந்தால் ஆஸ்பத்திரி தரப்புக் கோடிங்கில் அது இருப்பதாகவே எடுத்துக்கொள்வோம். ஒரு ப்ராஜெக்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறிப் போகிற உங்களைப் போன்றவர்களுக்கு இந்த இடத்தில்தான் கால் வழுக்கும்.

இன்னொரு எமர்ஜென்சி சார்ட். இரண்டு நாளாக வலு இல்லை என்று வருகிறார், பொட்டாசியம் 2.6. சாதாரணமாக 3.5-க்குக் கீழே போகக் கூடாத எண் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனாலும் ‘ஹைப்போகலீமியா’ (பொட்டாசியம் குறைவு) என்று டாக்டர் எழுதாதவரை இ 87.6 நம் கைக்கு வராது. லேப் எண்ணைப் பார்த்துக் கோடு செய்வதற்கில்லை. எழுதிவிட்டார் என்றால் இ 87.6 போதும். அந்த நோய்க்கு வழக்கமாக வரும் அறிகுறி வலுவின்மை, அதைத் தனியாகப் போட வேண்டாம். நரம்பு தசை நோயான மயஸ்தீனியா கிராவிஸ் ஜி 70.00, நோய் முற்றி வந்திருந்தால் ஜி 70.01. நரம்பு நோயான கிலான் பாரே ஜி 61.0. போலியோவுக்குப் பல வருடம் கழித்து வரும் தளர்ச்சி ஜி 14. இடுப்பு டிஸ்க் நரம்பை அழுத்துவதால் காலில் வலு இல்லை என்றால் எம் 51.16. இவற்றில் எதற்கும் பின்னால் வீக்னஸ் கோடு ஒட்டிக்கொண்டு வரத் தேவையில்லை.

ஐசியுவில் வாரக்கணக்கில் இருந்துவிட்டு வருபவர்களின் சார்ட்டை நிதானமாகப் படியுங்கள் என்று எங்கள் குழுவில் சொல்லிக்கொண்டே இருப்பேன். நியூராலஜி கன்சல்ட் நோட்டில் ‘கிரிட்டிக்கல் இல்னஸ் மயோபதி’ (கடும் நோயால் வரும் தசை பாதிப்பு) என்று ஒரு வரி இருக்கும். அதற்கு ஜி 72.81. பாலிநியூரோபதி (பல நரம்புகளின் பாதிப்பு) என்று எழுதியிருந்தால் ஜி 62.81. கடைசி எண்கள் ஒன்றாக இருப்பதால் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும் டாக்டர் அதைச் சுருக்கி ‘வீக்னஸ்’ என்று மட்டும் எழுதியிருப்பார். ஆலோசனை சொன்ன டாக்டரான கன்சல்ட்டும் பொறுப்பு டாக்டரான அட்டெண்டிங்கும் முரண்படாதவரை கன்சல்டன்ட் எழுதியதிலிருந்தும் எடுக்கலாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் தசை பாதித்தது என்று எழுதியிருந்தால் ஜி 72.0 முதலில், பிறகு மாத்திரையின் பக்கவிளைவைச் சொல்லும் டி 46.6எக்ஸ்5ஏ (T46.6X5A). எம் 62 வகை முழுவதுக்கும் ஜி 72.0-ஓடு எக்ஸ்க்ளூட்ஸ் 1 இருக்கிறது, எம் 62.81 அங்கே நுழையவே முடியாது. கோவிட் வந்து போன பின் நீடிக்கும் தசை வலுவின்மை என்று டாக்டர் தொடர்புபடுத்தியிருந்தால் எம் 62.81 முன்னால், யூ 09.9 பின்னால். 2021 அக்டோபரில் வந்த கோடு அது, தனியாக முதலில் நிற்காது.

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பிசியோதெரபி, நர்சிங், ஃபார்மசி படித்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. படித்த படிப்பு பெரிய பலம்தான். பிசியோ படித்தவர் மேன்யுவல் மசில் டெஸ்ட் (கையால் தசை வலுவை அளக்கும் சோதனை) குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் இது நரம்பா தசையா என்று யூகித்துவிடுவார், யூகம் சரியாகவும் இருக்கும். ஆனாலும் அந்த யூகத்தைக் கோடாக மாற்றும் உரிமை நமக்கு இல்லை. நம் அறிவு பயன்பட வேண்டிய இடம் க்வெரி, அதாவது டாக்டரிடம் எழுதிக் கேட்கும் விளக்கம். எந்தக் குறிப்பு எதோடு பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துக் கேட்பதற்குத்தான் அது வேண்டும்.

க்வெரியையும் சரியாக எழுத வேண்டும். ‘இது கிரிட்டிக்கல் இல்னஸ் மயோபதிதானே?’ என்று கேட்டால் அது விடையை வாயில் ஊட்டுவது, ஏற்க மாட்டார்கள். சார்ட்டில் இருப்பதை அப்படியே எடுத்து வையுங்கள்: ‘நோயாளி 19 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். எடுத்ததும் இரண்டு கால்களிலும் வலு குறைவு என்று குறிப்பு இருக்கிறது. ஈஎம்ஜி (தசை மின்சோதனை) செய்யப்பட்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் வீக்னஸ் என்று மட்டும் உள்ளது. உங்கள் மருத்துவக் கணிப்பின்படி இதற்குக் காரணம் தெரிந்தால் பதிவு செய்ய வேண்டுகிறேன்.’ கீழே தெரிவுகள் கொடுப்பதானால் சார்ட் ஆதாரம் உள்ளவற்றை மட்டும் கொடுங்கள். ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். பணத்தைப் பற்றியோ குரூப்பைப் பற்றியோ ஒரு வார்த்தைகூட வரக் கூடாது. இங்கிருந்து நேரடியாக டாக்டரைக் கேட்க வழியில்லாத ப்ராஜெக்ட் என்றால் சார்ட்டை ஹோல்டில் போட்டு (முடிக்காமல் நிறுத்திவைத்து) க்ளையன்ட், அதாவது நமக்கு வேலை தரும் நிறுவனத்தின் தரப்புக்கு அனுப்புங்கள். அன்றைய ப்ரொடக்ஷன் எண் கொஞ்சம் குறையும், குறையட்டும். அந்த ஒரு வரிக்காகத் தெரபி தாமதமாகும் நோயாளி ஒருவர் மறுபக்கம் இருக்கிறார்.

கடைசியாக, ‘க்ளையன்ட் கைட்லைனில் வீக்னஸ் என்றாலே எம் 62.81 போடச் சொல்லியிருக்கிறது, என்ன செய்வது’ என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். ஐசிடி-10-சிஎம் அஃபிஷியல் கைட்லைன்ஸைப் பின்பற்றுவது அமெரிக்காவின் ஹிப்பா சட்டப்படி கட்டாயம், க்ளையன்ட் தரும் குறிப்பு அதற்குக் கீழேதான். ஒரு காலின் வலுவின்மைக்கு எந்தப் பொதுக் கோடு என்பது போல கைட்லைன்ஸ் மௌனமாக இருக்கும் இடங்களில் க்ளையன்ட் சொல்வதைக் கேட்கலாம். இண்டெக்ஸிலேயே வேறு விடை இருக்கும்போது கேட்க முடியாது. இண்டெக்ஸ் வரியையும் எக்ஸ்க்ளூட்ஸ் 1 குறிப்பையும் காட்டி டீம் லீட் மூலமாக மெயிலில் விளக்கம் கேளுங்கள். வாய்மொழியாக ‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்று வரும் பதிலை வைத்துக் கோடு செய்யாதீர்கள். எழுத்தில் வந்த பதிலை, தேதியோடு, உங்கள் இரண்டு ஆடிட்டர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.